புகை வராத கரி

அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்து விடுங்க தம்பி. கோவிச்சுக்காதீங்க. கீழே இருந்து வர்றவங்களுக்கு இந்தக் காத்து ஜில்லுன்னு சுகமா இருக்கும். வேடிக்கை பாக்கணும்னு ஆசையா இருக்கும். எங்களுக்கு அப்படி இல்லை. இன்னும் கொஞ்சம் இழுங்க. ஆங், போதும்.

காலை அந்தப் பக்கம் வச்சுக்கறீங்களா? மூட்டை இடிக்குது பாருங்க. கரி மூட்டைதான். பேன்ட்ல ஒட்டிக்கும்னு பயப்படாதீங்க, இது ஒட்டுற கரி இல்லை. மூட்டை வாயைத் திறந்து காட்டறேன், ஒண்ணை எடுத்துத் தேய்ச்சுப் பாருங்க. விரல்ல ஏதாச்சும் இருக்கா? பாத்தீங்களா! கல்லு மாதிரி இருக்கும், கண்ணாடி மாதிரி மினுக்கும். கல்லுக்கரின்னு சொல்லுவோம். பூமிக்கு அடியில இருந்து எடுக்கறது. அதுலயே இது ஒசத்தி.

கண்டக்டர் என்கிட்ட எங்கே போறீங்கன்னு கேட்கவே இல்லை, கவனிச்சீங்களா? அவன் பாட்டுக்குக் கிழிச்சுக் குடுத்துட்டுப் போறான். பழக்கம்தான். கொய்யாமட்டம் ஸ்டாப். இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு.

என் சின்ன மக சுகந்தி அங்கதான் இருக்கா. குழந்தை பிறந்து இன்னையோட பத்து நாள். பொம்பளைப் பிள்ளையாம். நான் இன்னும் பார்க்கலை. எனக்கு யாரும் சொல்லவும் இல்லை தம்பி. ரேஷன் கடையில சீனிக்கு நிக்கிறேன், கடைக்காரரு தாமஸ், "என்ன வேலாண்டி அண்ணே, தாத்தா ஆயிட்டீங்களாமே"ங்கறாரு. பத்துப் பேருக்கு முன்னாடி. எப்படி இருக்கும் எனக்கு? ஆமாமாம்னு சிரிச்சு வச்சேன். அவரு சம்சாரத்துக்குக் கொய்யாமட்டம்தான் சொந்த ஊரு. அந்தம்மா மூலமா, வந்து பாக்கலாமான்னு கேட்டு அனுப்பினேன். பெத்த மகளைப் பாக்க நான் அனுமதி கேக்கறேன், பாருங்க என் நிலைமையை.

மறுநாள் பதில் வந்துச்சு. மக சொன்ன பதில் இல்லை, என் சம்சாரம் பொன்னுத்தாயி சொன்னது. அவ அங்கதான் மககூட இருக்கா. "அவரு வரட்டும். வேண்டாங்கலை. கரியைக் கொண்டுக்கிட்டு மட்டும் வரக்கூடாது." ஆறு வருஷத்துல அவ என்கிட்ட சொன்ன முதல் வார்த்தை இது தம்பி. அதுவும் இன்னொருத்தர் வாயால.

அப்புறம் ஏன் கொண்டு போறீங்கன்னுதானே பாக்கறீங்க? சொல்றேன். நீங்களே நியாயம் சொல்லுங்க.

நான் டீ ஃபேக்டரியில முப்பது வருஷம் உலை பாத்தவன். இலையைக் காய வைக்கணும்னா சூடு வேணும், சூடு வேணும்னா உலை எரியணும், உலைக்கு நான்தான். சூடு ஒரு புள்ளி ஏறக்கூடாது, இறங்கக்கூடாது. ஏறினா தூள் கருகும், இறங்கினா புளிக்கும். மீட்டரைப் பாக்க மாட்டேன். கதவுல புறங்கையை வச்சேன்னா சொல்லிருவேன். தூள் பதம் பாக்கற ஆபீசரு, டீ மேக்கர்னு சொல்லுவோம், ஓடி வந்து மீட்டரைப் பாப்பாரு, நான் சொன்னதுதான் இருக்கும். நெருப்புன்னா வேலாண்டின்னு பேரு. அப்படிப்பட்டவனுக்கு இன்னைக்கு நண்டு சிண்டெல்லாம் நெருப்பைப் பத்திப் பாடம் நடத்துது. என்னத்தைச் சொல்ல!

கடைசி வருஷம் ஃபேக்டரிக்கு ஒரு லாரி கரி வந்துச்சு. எப்பவும் வர்றது பழுப்புக் கரி, புகைஞ்சு தள்ளும். இது தூத்துக்குடி துறைமுகத்துல இருந்து வந்த வெளிநாட்டுச் சரக்கு. இறக்கினா மினுமினுங்குது. உலையில போட்டோம், பத்தவே மாட்டேங்குது. விறகைப் போட்டு, எண்ணெயை ஊத்தி, ஊதித் தள்ளி, ஹூம்! கல்லுக்குக் கல்லு அப்படியே கிடக்கு. ஒரு நாள் இலை முழுக்க வீணாப் போச்சு. முதலாளி லாரிக்காரனைத் திட்டாத திட்டு இல்லை. "இந்தக் கல்லை எவன் வேணாலும் தூக்கிட்டுப் போங்கடா"ன்னுட்டாரு.

ஒருத்தனும் கிட்டே வரலை. எனக்கு மட்டும் மனசு ஆறலை. பத்தாத கரின்னு ஒண்ணு உண்டா? நாலஞ்சு கல்லைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு வந்து, வீட்டுக்குப் பின்னாடி பழைய எண்ணெய் டின்னை வெட்டி, சுத்தி ஓட்டை போட்டு, கரிச்சட்டி செஞ்சேன். ஒரு வாரம் அதோட மல்லுக்கட்டினேன். அப்புறம்தான் அதோட குணம் பிடிபட்டுச்சு. அதுக்கு அவசரம் ஆகாது தம்பி. அடியில விறகுக் கங்கை நல்லாப் பரப்பி, சின்னக் கல்லா மேல வச்சு, கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துரணும். குத்தக் கூடாது, கிளறக் கூடாது. கிளறினா கோவிச்சுக்கிட்டு அணைஞ்சிரும். ஒரு மணி நேரம் பொறுத்தா ஒரு நீலச் சுடர் வரும் பாருங்க, கேஸ் அடுப்புல வர்ற மாதிரி, அவ்வளவு அடக்கமா. அப்புறம் நாள் பூரா எரியும். ஒரு பொட்டுப் புகை கிடையாது. அன்னைக்கு நான் எஸ்டேட் லைன் வீட்டு ஆளுங்க எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். எல்லாரும் மூக்குல விரலை வச்சாங்க.

அந்த லோடு முழுக்க நானே எடுத்துக்கிட்டேன். மட்டக்குதிரை முதுகுல ஏத்தி நாலு நாள் லோடு அடிச்சோம். வீட்டுக்குப் பின்னாடி கூரை உசரத்துக்குக் குமிச்சு, தார்ப்பாய் போட்டு மூடி வச்சேன். பொன்னுத்தாயி கூட, "உங்களுக்கென்ன கிறுக்கா, சாகிற வரைக்கும் எரிச்சாலும் தீராதே"ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. அப்போ சிரிப்பா அவ.

எங்க லைன் வீடுங்க எப்படின்னு உங்களுக்குத் தெரியாது. ஒரே ரூம், தகரக் கூரை. ஜனவரி மாசம் விடியக்காலையில வெளியே வச்ச தண்ணி கண்ணாடியாக் கிடக்கும். புல்லெல்லாம் வெள்ளை வெளேர்னு உப்புக் கொட்டின மாதிரி. அந்த ஜனவரியிலதான் என் பெரிய மக விமலா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தா. ஆம்பளைப் பிள்ளை. ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிட்டு வந்த அன்னைக்கு நான் கரிச்சட்டியை ரெடி பண்ணி வச்சிருந்தேன்.

உங்களுக்குத் தெரியுமில்லை, பிள்ளை பெத்த உடம்புல காத்து படக் கூடாது. பச்சை உடம்பு. காதுல பஞ்சு வச்சு, தலையில துணி கட்டி வைப்போம். ஒரு தடவை குளிர்காத்து உள்ளே புகுந்துச்சுன்னா ஜன்னி வந்துரும், அப்புறம் யாராலயும் காப்பாத்த முடியாது. என் ஆத்தா அப்படித்தான் போச்சு, எனக்கு அடுத்த தம்பியைப் பெத்துட்டு. அப்போ எனக்கு நாலு வயசு. அதனால நான் என்ன செஞ்சேன், ரூமை ஒரு இண்டு இடுக்கு விடாம அடைச்சேன். ஜன்னல்ல சாக்கைத் தச்சு ஆணி அடிச்சேன். கதவுக்கு அடியில கம்பளியைச் சுருட்டி வச்சேன். தகரத்துக்கும் செவுத்துக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி பூரா சாணியும் மண்ணும் குழைச்சு அப்பினேன். இந்தக் கையாலதான். உள்ளே போனா வெதுவெதுன்னு இருக்கும். விமலா சொல்லுவா, "அப்பா, ஊட்டியில பெரிய ஓட்டல்ல கூட இப்படி இருக்காதுப்பா"ன்னு.

சட்டியை வெளியே வச்சுத்தான் பத்த வைப்பேன். எங்க ஊருல எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. புகை அடங்கின பிறகுதான் உள்ளே எடுக்கணும். புகைதான் ஆபத்து. புகை போயிருச்சுன்னா பயமில்லை. இந்தக் கரியில புகையே இல்லை, அப்புறம் என்ன பயம்? சொல்லுங்க.

பதினோராம் நாள். காலையில விமலா, "தலை வலிக்குதுப்பா"ன்னா. நெத்தியைத் தொட்டுப் பாத்தேன், காய்ச்சல் இல்லை. குளிரா இருக்கும்மா, காதுல துணியை நல்லாக் கட்டுன்னேன். இன்னும் ரெண்டு கை கரியைப் போட்டேன். குழந்தை பால் குடிக்க மாட்டேங்குதுன்னு பொன்னுத்தாயி சொன்னா. பால் பத்தலையோ என்னவோ, பால்சுறா மீன் வாங்கிட்டு வந்து புட்டு செஞ்சு குடுத்தா ஊறும்னு பேசிக்கிட்டோம். மத்தியானம் சாப்பிட்டுட்டு நான் குன்னூர் மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். பொன்னுத்தாயி குழந்தை துணியெல்லாம் எடுத்துக்கிட்டு பைப்புக்குப் போயிட்டா. அந்தக் கதவு சரியாச் சாத்தாது, காத்தடிச்சா திறந்துக்கும். அதனால போகும்போது வெளிச் சங்கிலியை மாட்டிட்டுப் போனேன். நல்லதுக்குத்தானே? அவ தூங்கிட்டிருந்தா. காத்து தள்ளித் திறந்துக்கக் கூடாதுன்னு மாட்டினேன்.

பொன்னுத்தாயி துவைச்சுட்டு வந்திருக்கா. சங்கிலி மாட்டியிருக்கு, சத்தத்தைக் காணோம். ரெண்டு பேரும் தூங்கறாங்க, திறந்தா காத்து போகும், அவரு வேற சத்தம் போடுவாருன்னு வாசல்லயே உக்காந்துக்கிட்டா. ரெண்டு மணி நேரம். வெயில்ல துணியைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்திருக்கா. என் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை தம்பி அவளுக்கு.

நான் மீனோட வந்து சங்கிலியை எடுத்துத் தள்ளறேன், கதவு போக மாட்டேங்குது. உள்ளே ஏதோ தடுக்குது. விமலா. கதவுகிட்டே கிடந்தா. பாயில இருந்து எதுக்கு எந்திரிச்சு வந்தான்னுதான் எனக்கு இன்னி வரைக்கும் புரியலை. எந்திரிக்கக் கூடாதுன்னு எத்தனை வாட்டி சொல்லியிருந்தேன். குழந்தை பாயிலதான் இருந்துச்சு. ரெண்டு பேரு முகமும் செவசெவன்னு, நல்ல நிறமா, இப்பத்தான் குளிச்சுட்டு வந்த மாதிரி இருந்துச்சு. நம்பவே முடியலை. கன்னத்தைத் தட்டறேன், தட்டறேன், சூடாத்தான் இருக்கு. நெருப்பு பாட்டுக்கு நீலமா எரிஞ்சுக்கிட்டு இருக்கு, ஒரு குறையும் இல்லாம.

...இல்லை தம்பி, ஒண்ணுமில்லை. தண்ணியெல்லாம் வேண்டாம். நீங்க வச்சுக்கங்க.

ஆஸ்பத்திரியில ஒரு டாக்டர், சின்ன வயசு, என்னை உக்கார வச்சு என்னென்னமோ சொன்னாரு. கரியில இருந்து ஒரு வாயு வருமாம். கண்ணுக்குத் தெரியாதாம், வாசனை கிடையாதாம், இருமல் கூட வராதாம். தெரியாது, வாசனை இல்லை, ஒண்ணுமே இல்லை, ஆனா இருக்காம்! நான் கேட்டேன், "சார், முப்பது வருஷம் உலைக்கு முன்னாடி நின்னிருக்கேன், எனக்கு ஏன் ஒண்ணும் ஆகலை"ன்னு. "அங்கே புகைபோக்கி இருந்துச்சில்லை"ன்னாரு. புகையே வராத கரிக்குப் புகைபோக்கி எதுக்குங்க? அவரு என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. நீங்களும் இப்போ அப்படித்தான் பாக்கறீங்க.

என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும். காரியமெல்லாம் முடிஞ்சு மூணாம் நாள், ஏணியைப் போட்டு ஏறிப் பாத்தேன். மூலையில தகரத்துக்கு அடியில, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை. குருவி கூடு கட்டின இடம். அதை நான் அடைக்காம விட்டுட்டேன் தம்பி. அது வழியாத்தான் காத்து புகுந்திருக்கு. அன்னைக்கு நான் விட்ட தப்பு அதுதான். யாரு கேட்டாலும் ஒத்துக்குவேன். போலீஸ்லயும் சொன்னேன், எழுதிக்கங்க, நான் ஒரு ஓட்டையை விட்டுட்டேன்னு. அவங்க எழுதிக்கலை. நான் தப்பே செய்யலைன்னா சொல்றேன்? செஞ்சேன். அந்த ஓட்டை.

பொன்னுத்தாயி ஒரு வார்த்தை திட்டலை. அழுதுக்கிட்டாவது திட்டியிருந்தா பரவாயில்லை. சுகந்தியைக் கூட்டிக்கிட்டு அவ தங்கச்சி வீட்டுக்குப் போனவதான். சுகந்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்துச்சு. போய்க் கடைசி வரிசையில உக்காந்து சாப்பிட்டுட்டு வந்தேன்.

ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு இடிக்குது. அந்த ரூம் மூலையில ஒரு கோழி அடை வச்சிருந்தோம், கூடைக்கு அடியில. அதுவும் செத்துக் கிடந்துச்சு. கோழிக்குமா ஜன்னி வரும்? அது பாட்டுக்கு மழையிலயும் பனியிலயும் திரியிற ஜீவன். சரி, அதை விடுங்க. அது வேற ஏதாச்சும் நோவா இருந்திருக்கும்.

அதுக்கப்புறம் இந்தக் கரியை எரிச்சீங்களான்னா கேக்கறீங்க? இல்லை. எரிக்கலை. ஆறு வருஷமா அப்படியே கிடக்கு, தார்ப்பாய்தான் கிழிஞ்சு போச்சு. நான் ஒருத்தன், எனக்கு எதுக்குச் சூடு? ரெண்டு கம்பளி போத்திக்கிட்டா ஆச்சு. ஜன்னல்ல அடிச்ச சாக்கைக் கூட எடுத்துட்டேன். எதுக்குன்னா, வெளிச்சம் வரட்டும்னுதான். வேற ஒண்ணும் இல்லை.

இந்த மூட்டை அதுல இருந்து எடுத்ததுதான். கூடவே பையில சாணி மண்ணு, சாக்குத் துணி, ஆணியெல்லாம் வச்சிருக்கேன். சுகந்தி வீடும் எங்க வீடு மாதிரிதான், தகரக் கூரை, பள்ளத்துல இருக்கு, பனி அங்கேதான் மொதல்ல இறங்கும். மாப்பிள்ளை கரண்ட் ஹீட்டர் வாங்கி வச்சிருக்காராம். மழைக்குக் கரண்ட் போனா என்ன செய்வாரு? இந்த வாட்டி நானே ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு மூலையாப் பாத்து அடைப்பேன். குருவி என்ன, எறும்பு கூட நுழைய முடியாது. நானும் உள்ளேயே உக்காந்துக்குவேன். அவளுக்கு என்ன ஆகுதோ எனக்கும் ஆகட்டும்.

என்ன தம்பி? என்ன சொன்னீங்க? மூட்டையை நீங்க வாங்கிக்கறீங்களா? உங்களுக்கு எதுக்கு? ஓகோ. சும்மா பஸ்லயே விட்டுட்டு, வெறுங்கையோட இறங்கிப் பிள்ளையைப் பாருங்கன்னு சொல்றீங்க. நல்ல மனசு உங்களுக்கு. நான் யோசிக்காமலா இருப்பேன்? ராத்திரி பகலா அதைத்தான் யோசிச்சேன். இதை இங்கே விட்டுட்டு இறங்கினேன்னு வைங்க, என்ன அர்த்தம்? ஆமாம், கரிதான் கொன்னுச்சுன்னு நான் ஒத்துக்கிட்டதா ஆகுமா, ஆகாதா? கரி தானா நடந்தா உள்ளே போச்சு? அதைப் பத்த வச்சது யாரு? ரூமை அடைச்சது யாரு? சங்கிலியை மாட்டினது யாரு? சொல்லுங்க. அப்புறம் எந்தக் கையால நான் அந்தப் பிள்ளையைத் தூக்குவேன்?

தூக்கிட்டுப் போனா உள்ளே விட மாட்டா. அதுவும் தெரியும். பொன்னுத்தாயி சொன்னா சொன்னதுதான்.

இந்தா, வளைவு திரும்புது. அந்த மஞ்சக் கட்டடம் தெரியுதில்லை, பால் சொசைட்டி, அதை ஒட்டித்தான் ஸ்டாப். மூட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கை குடுக்கறீங்களா? இல்லை, இருங்க, இருங்க. வேண்டாம்.

என்னப்பா கண்டக்டரு? இறங்கறேன், இறங்கறேன், ஏன் பறக்கறே? "இன்னைக்கு ஆறாவது நாளு பெரியவரே, இன்னைக்காவது இறங்குவீங்களா"ன்னு கேக்கறான் பாருங்க தம்பி, எல்லாரு காதுலயும் விழற மாதிரி. ஆமாம், ஆறு நாளா வர்றேன். அதுக்கென்ன? சும்மாவா வர்றேன், டிக்கெட் வாங்கிட்டுத்தானே வர்றேன். ஒரு நாள் மழை பேஞ்சுச்சு, மூட்டை நனையும்னு இறங்கலை. நேத்து செவ்வாக்கிழமை, பச்சைக் குழந்தையைப் போய்ப் பாக்கற நாளா அது? இன்னைக்குப் பாருங்க எப்படி வெயில் அடிக்குது. சுள்ளுன்னு. இந்த வெயில்ல கரி மூட்டையைத் தூக்கிக்கிட்டுப் போய் நின்னா சிரிப்பாங்க.

தம்பி, கொஞ்சம் முன்னாடி சாஞ்சு உக்காருங்க. இன்னும். என்னை மறைச்ச மாதிரி.

அந்தப் பைப்புகிட்டே பச்சை ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஒருத்தி நிக்கிறாளே, நரைச்ச தலை, பஸ்ஸையே பாக்கறா பாருங்க. அவதான். பொன்னுத்தாயி. தண்ணி பிடிக்க வந்திருப்பா. தினமும் இந்த நேரத்துக்குத்தான் வர்றா, தண்ணி இந்த நேரத்துக்கு விடுவாங்க போல. ஆனா கையில குடத்தைக் காணோம். இறங்கறவங்க ஒவ்வொருத்தரையாப் பாக்கறா. இளைச்சுட்டா ரொம்ப. இந்தக் குளிர்ல தலைக்கு ஒண்ணும் கட்டாம நிக்கிறா பாருங்களேன்.

ரைட் குடுப்பா. நான் இறங்கலை. ரைட்டுங்கறேன்ல. மேலே டெர்மினஸ் வரைக்கும் எவ்வளவோ அதை வாங்கிக்க.

நாளைக்கு வரலாம் தம்பி. நாளைக்குப் பதினோராம் நாள். அது வேண்டாம். நாளன்னைக்கு வரலாம். பிள்ளை எங்கே போயிரப் போகுது, நல்லா இருக்கும். ஹீட்டர் இருக்கு. அவ பாத்துக்குவா, ஜன்னலையெல்லாம் திறந்து வச்சுப் பாத்துக்குவா. அவளுக்குத் தெரியும்.

திரும்பிப் பாக்கறீங்களே, இன்னும் நிக்கிறாளா? போயிட்டாளா? சரி, விடுங்க, சொல்ல வேண்டாம். அந்தக் கண்ணாடியை மட்டும் கொஞ்சம் திறந்து விடுங்க தம்பி. மூச்சு முட்டற மாதிரி இருக்கு.